கேள்வி வந்து தங்கிய கல்லூரி

செவ்வாய்க்கிழமை காலையில், முந்தின நாள் ஆட்டி வைத்த மாவு பொங்கி, இட்லிக் கொப்பரையில் தண்ணீர் தளதளவென்று கொதித்து, வேதக்கோயிலில் ஒன்பது மணி அடித்து ஓய்ந்த நேரத்தில், தங்கபுஷ்பம் தன் விரல்களின் வழியாக அடுப்புத் தீயைப் பார்த்தாள். விரல்களின் இடுக்கு வழியாக அல்ல, விரல்களின் வழியாகவேதான், கண்ணாடித் தம்ளரில் ஊற்றிய தண்ணீர் வழியாகப் பார்ப்பதைப் போல. புகையென்று நினைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முதல் தட்டு இட்லி வெந்து இறக்குவதற்குள் மணிக்கட்டு போயிற்று. இரண்டாம் தட்டு இறக்குவதற்குள் முழங்கை போயிற்று. "இயேசப்பா" என்று வாய் திறந்தாள். உதடு அசைந்தது, நெஞ்சு அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

பக்கத்து வீட்டு கிரேஸ் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "மைனி, சட்னிக்கு ரெண்டு கறிவேப்பிலை தாங்களேன். மைனி? வீட்ல இருக்கியளா?" என்று அடுக்களை வாசலில் நின்று, தங்கபுஷ்பத்தின் முகத்துக்கு நேரே பார்த்து, பின்னால் இருந்த சுவரைப் பார்த்து, "அடுப்ப எரிய விட்டுட்டு எங்க போனாவளோ" என்று தானே குனிந்து விறகை இழுத்து அணைத்துவிட்டுப் போனாள். அணைத்த கை தங்கபுஷ்பத்தின் இடுப்பை ஊடறுத்துப் போயிற்று. அவள் கண்ணுக்கு முழங்கை வரைக்கும்தான் போயிருந்தது, மற்றவர் கண்ணுக்கு ஆளே இல்லை. வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஆனால் அவள் திகைத்து நிற்கவில்லை, ஏனென்றால் அந்தச் சுற்று வட்டாரத்தில் இப்படி நடந்தால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். வெள்ளூரணிக் கல்லூரிக்குள் யாரோ அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். கேள்வி வந்திருக்கிறது. சொன்னவருக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கல்லூரியில் தங்கபுஷ்பத்தைப் பற்றிப் பேச ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அது அவள் பெற்ற மகள் ஜெனிட்டா.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டுக்கொள்வதும் இல்லை. போன ஐப்பசி மழை விட்ட பிறகு ஒருநாள், சரித்திரம் எடுக்கிற பரிமளம் மிஸ், வருஷா வருஷம் வாசிக்கிற நோட்ஸை அந்த வருஷமும் வாசித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு மேற்கே உள்ள பெரிய குளத்தை வெட்டியவர் ஒரு பாளையக்காரர் என்று அவள் சொல்ல, பிள்ளைகள் தலை குனிந்து எழுத, அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "எப்படித் தெரியும்?" ஆண் குரலா பெண் குரலா என்று பிரிக்க முடியாத, கோபமில்லாத, காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்களைப் போல மெல்லிய குரல். கடைசி பெஞ்சு வாலுகளின் வேலை என்று நினைத்து மிஸ் அவர்களை எழுப்பி நிறுத்தினாள். குரல் மறுபடியும் கேட்டது. "கைடுல போட்டிருக்கு" என்றாள் மிஸ் எரிச்சலோடு. அன்றைக்கு மத்தியானம் குளத்தைக் காணவில்லை. குளம் இருந்த இடத்தில் உடைமர முள்காடு நின்றது. எருமைகள் அதற்குள் நின்று, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, தண்ணீர் எங்கே என்று யோசித்துக்கொண்டிருந்தன.

மிஸ் பயந்து போனாள். பாடம் எடுத்த இத்தனை வருஷத்தில் அந்தக் குளத்துப் பக்கம் போயிராதவள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முள்ளுக்குள் போனாள். மடைக்கல் மட்டும் கிடந்தது. அதில் வெட்டியிருந்த எழுத்தை மண் தேய்த்து வாசித்தார்கள். பொழுது அடைவதற்கு முன்னால் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. பிறகு ஒவ்வொரு சாட்சியாகத் தேடத் தேட முழங்கால் அளவு, இடுப்பளவு என்று ஏறியது. வெட்டியது பாளையக்காரர் இல்லை என்பது வரைக்கும் கண்டுபிடித்துவிட்டார்கள். யார் என்பது இன்னும் பாதிதான் தெரியும். அதனால்தான் அந்தக் குளம் எந்த மழைக்கும் பாதிக்கு மேல் நிறைவதில்லை.

எல்லாருக்கும் அந்த பாக்கியம் கிடைக்கவில்லை. கல்லூரி வாட்ச்மேன், "என் சைக்கிள் வேப்பமரத்தடியில நிக்கி" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டார். கேள்வி கேட்டது, அவர் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பொழுது அடைந்ததும் சைக்கிள் போனது போனதுதான். பொழுது அடையுமுன் பதிலின் ஒரு நுனியாவது கையில் இருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது.

வெள்ளூரணி அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது. கேள்வியின் ஆட்சி ஊர் எல்லையில் இருக்கிற ரயில்வே கேட்டோடு முடிகிறது என்று கண்டுபிடித்து, ஜோசியர் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் போனார். கல்யாணப் பேச்சுகளும் கேட்டுக்கு அந்தப் பக்கம் போயின. மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் இல்லை என்று இந்தப் பக்கம் நின்று சொல்ல எந்தத் தரகருக்கும் தைரியம் வரவில்லை. காய்கறிக்காரி, "கத்திரிக்காய் பிஞ்சு" என்று கூவுவதற்கு முன்னால் ஒன்றைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டாள். வேதக்கோயில் பாதிரி ஐயர் மட்டும் பிரசங்கத்தை நிறுத்தவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை கேள்வி பீடத்துக்கு வந்தபோது அவர், "எனக்குத் தெரியாது, நான் விசுவாசிக்கிறேன்" என்றார். கேள்வி போய்விட்டது. தெரியும் என்கிறவர்களிடம் மட்டும்தான் அது கேட்கும் என்று அதிலிருந்து எல்லாரும் தெரிந்துகொண்டார்கள்.

கல்லூரியில்தான் கஷ்டம். ஒரு அறையில் செல்லுகிற பதில் அடுத்த அறையில் செல்லாது. வேதியியல் கூடத்தில் செய்து காட்டினால் கேள்வி அடங்கும். சரித்திர வகுப்பில் செய்து காட்ட முடியாது. யார் பார்த்தார், எப்போது சொன்னார், பொய் சொன்னால் அவருக்கு என்ன லாபம் என்று சொல்ல வேண்டும். கணக்கு வகுப்பில் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்றுதான். இப்படியல்லாமல் வேறு எப்படியும் இருக்க முடியாது என்று காட்ட வேண்டும். தமிழ் வகுப்பில் பாட்டை மறுபடி வாசித்து, எந்தச் சொல்லில் அது இருக்கிறது என்று விரல் வைக்க வேண்டும். வாத்தியார்கள் நோட்ஸை மூடி வைத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே, தங்கள் பாடம் எதை எப்படி அறிகிறது என்பதை முதல் தடவையாகப் பிள்ளைகளோடு சேர்ந்து தாங்களும் படித்தார்கள். பயத்தில் படித்த படிப்பு நன்றாகத்தான் ஏறியது.

இதையெல்லாம் ஹாஸ்டலில் தங்கிக் கணக்குப் படிக்கிற ஜெனிட்டா போனில் சொல்லித்தான் தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். இப்போது கொஞ்ச நாளாக அவள் போன் செய்வதில்லை. "பரீட்சை இருக்கும், பிள்ளைக்கு" என்று தங்கபுஷ்பம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இட்லியை மூடி வைத்து, கதவைச் சாத்தி, அவள் பஸ் ஏறினாள். கண்டக்டர் அவள் நீட்டிய காசைப் பார்க்கவே இல்லை. ஒரு தடியன் வந்து அவள் மடியிலேயே உட்கார்ந்தான், அப்படியே தூங்கியும் போனான். டிக்கெட் இல்லாமல் போகிறோமே என்று அந்த நிலையிலும் அவளுக்கு மனசு உறுத்தியது. ஆண்டவரே, இது திருட்டில் சேராது, நீர் பார்த்துக்கொண்டிருக்கிறீர், நீராவது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்தானே என்று வழி முழுக்க உள்ளுக்குள் ஜெபித்தாள். ரயில்வே கேட்டைத் தாண்டியபோது தோள்பட்டை வரைக்கும் போயிருந்தது.

கல்லூரி வராந்தாவில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். நடுவே படியில் ஜெனிட்டா உட்கார்ந்திருந்தாள், முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு. பக்கத்தில் பரிமளம் மிஸ்.

"நான்தான் கேட்டேன் ஒவ்வொருத்தரையும்," என்று மிஸ் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். "சந்தேகமே இல்லாம உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணு சொல்லுங்கன்னு. எல்லாரும் பாத்து சூதானமா, கரும்பலகை கருப்பா இருக்கு, ஜன்னல் தொறந்திருக்குன்னு சொல்லுதாங்க. இவ எந்திச்சு, எங்கம்மா இப்ப வீட்ல இருக்காங்கன்னுட்டா."

"கேள்வி வந்ததும் என்னட்டி சொன்ன?" என்று ஒருத்தி கேட்டாள். தமிழ் படிக்கிற பொன்மலர் அவள்.

ஜெனிட்டா தலையைத் தூக்கினாள். கண் வீங்கியிருந்தது. "எங்கம்மா எங்கயும் போக மாட்டாங்க. அதனால வீட்லதான் இருக்காங்கன்னு சொன்னேன்."

"கணக்குப் புத்தி!" என்றாள் பொன்மலர். "சரித்திர கிளாஸ்ல போய் நிரூபணம் எழுதியிருக்கா பாரு."

"நிரூபணம் சரிதாம்ட்டி," என்று ஜெனிட்டா அழுதாள். "தரவுதான் தப்பு. எங்கயும் போக மாட்டாங்கன்னு யாரு எனக்குக் குடுத்தா? நானா எடுத்துக்கிட்டேன். அது எப்படித் தெரியும்னு மறுபடி கேட்டுது. என்னால வாயத் திறக்க முடியல."

தங்கபுஷ்பம் மகளின் எதிரே போய் உட்கார்ந்து, இல்லாத கையால் அவள் தலையைத் தடவினாள். முடி அசையவில்லை. நான் இங்கதான் இருக்கேன் மக்ளே என்று சொன்னாள். காற்றுகூட அசையவில்லை. சின்னப் பிள்ளையில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த ஞாபகம் அவளுக்கு வந்தது. இப்போது கிணற்றுக்கு உள்ளேயிருந்து மேலே பார்ப்பதைப் போல இருந்தது. எல்லாரும் மேலே. எல்லாரும் வெளிச்சத்தில்.

தங்கபுஷ்பத்தின் போனுக்கு அடித்தார்கள். அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது, அவளைப் போலவே அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. கிரேஸுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"மைனியா? வீட்லதான் இருப்பாவ," என்றாள் கிரேஸ்.

"எப்படித் தெரியும்?" என்று மெல்லக் கேட்டது கேள்வி, பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற இன்னொரு பிள்ளையைப் போல.

"இது என்ன பேச்சு? வேற எங்க போவாவ?"

தங்கபுஷ்பத்துக்குப் பாதம் வரைக்கும் போயிற்று. ஆசையாகச் சொன்ன சாட்சிதான். ஆனாலும் போயிற்று. பிள்ளைகள் போனைப் பிடுங்கி அணைத்தார்கள். பாசம் உள்ளவர்களைக் கேட்காதீர்கள் என்று பரிமளம் மிஸ் சத்தம் போட்டாள். "பொய் சொல்ல மாட்டாங்க. ஆனா பாக்காததையும் பாத்ததா நினைச்சுக்குவாங்க. உங்கம்மாவப் பிடிக்காதவங்க யாராவது இருக்காங்களா?"

ஜெனிட்டா யோசித்தாள். "தெருக்கோடி அன்னக்கிளி அத்த. குழாயடிச் சண்டை."

அன்னக்கிளியின் குரல் ஸ்பீக்கரில் வெடித்தது. "உங்கம்மாவா? நேத்து சாயங்காலம் பாத்தேனே, என் குடத்தத் தள்ளி வச்சிட்டு தன் குடத்த வச்சா! ஊதாச் சேலை, முட்டி வலிக்குன்னு ஒரு கைய இடுப்புல ஊணிக்கிட்டு. ஜெபம் பண்ணுத வாய்தான், குழாயடியில வந்தா பாரு. பொய்யில்ல, இந்தா என் குடம் நசுங்கிக் கிடக்கு."

கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. தங்கபுஷ்பத்துக்குக் கால்கள் வந்தன. நசுங்கின குடத்துக்காக வெட்கப்பட்டுக்கொண்டே அவள் எழுந்து நின்றாள். நேற்றைக்கு அவள் இருந்தாள் என்பது முடிவாயிற்று. இன்றைக்கு?

ஜெனிட்டா சட்டென்று, "முட்டி வலிக்குதா அம்மாவுக்கு?" என்று கேட்டாள்.

இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் ஒரு யோசனை சொன்னார்கள். காணாமல் போகிறவர்கள் எல்லாரும் கல்லூரிக்குத்தானே வருவார்கள், போன மாதம் காணாமல் போய்த் திரும்பிய லேப் அட்டெண்டர் கூட இங்கேதானே நடந்துகொண்டிருந்தார். வந்திருந்தால் எடை இருக்க வேண்டும். ஹாஸ்டல் அடுக்களையிலிருந்து கோதுமை மாவு கொண்டுவந்து வராந்தா முழுக்கச் சல்லடையால் தூவினார்கள். தங்கபுஷ்பம் புரிந்துகொண்டாள். மாவை மிதிக்க மனசு வரவில்லை, சாப்பிடுகிற பொருள். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மிதித்தாள். முதல் தடத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் குதிகால், ஒரு பிறை மாதிரி.

"பல்லியா இருக்கும்," என்றது ஒரு பிள்ளை. "காத்தா இருக்கும்," என்றது இன்னொன்று. அவர்கள் குறும்புக்காகச் சொல்லவில்லை. அந்தப் பாடத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்கிற வரைக்கும். ஜன்னலை அடைத்தார்கள். மறுபடி தூவினார்கள். ஆளை மாற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் தங்கபுஷ்பம் முட்டி வலிக்க வலிக்க நடந்தாள். ஒவ்வொரு தடவையும் வலது தடம் இடது தடத்தைவிட ஆழமாகப் பதிந்தது.

"இடது முட்டியில வலி," என்றாள் ஜெனிட்டா. மாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். "எங்கம்மாதான்."

"எப்படித் தெரியும்?"

"ஆழத்த அளந்து பாத்துக்கோ."

கேள்வி அளந்து பார்த்ததோ என்னவோ, தங்கபுஷ்பத்தின் உடம்பு கனத்தது. கனம் இத்தனை சுகமான விஷயம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஆனால் இன்னும் யாருக்கும் அவள் தெரியவில்லை, குரலும் வரவில்லை. மேற்கே வெயில் சிவந்து, வராந்தாத் தூண்களின் நிழல் நீண்டு நீண்டு முற்றத்தைத் தாண்டிப் போய்விட்டது. வாட்ச்மேன் கைகட்டி நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் சைக்கிள் போன அந்தி அவருக்கு மறக்கவில்லை.

பொன்மலர்தான் கேட்டாள். "ஏட்டி, உங்கம்மா கடைசியா உங்கிட்ட என்ன சொன்னாவ?"

ஜெனிட்டா போனை எடுத்துத் தந்தாள். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி, பச்சைப் புள்ளி மாறாமல், கேட்கப்படாமலே கிடந்தது. பொன்மலர் அதை அழுத்தினாள். 'ஏட்டி, அம்மாதான். சாப்பிட்டியா? இங்க ஒண்ணும் விசேஷமில்ல. நான் நல்லா இருக்கேன். நீ படி.'

"சரி, நல்லா இருக்காவ," என்றாள் ஒருத்தி.

"இல்ல." பொன்மலர் மறுபடி அழுத்தினாள். மறுபடி. பாட்டை வாசிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "சாப்பிட்டியான்னு ஒரே மூச்சுல கேக்காவ. நான்னு சொன்ன பொறவு நின்னு, ஒரு மூச்ச இழுத்துட்டுத்தான் நல்லா இருக்கேங்கிறாவ. அந்த மூச்சுல கேளு. நல்லா இல்லட்டி அவிய. தனியா இருக்காவ. உனக்குத் தெரியக்கூடாதுன்னு நினைக்காவ."

எப்படித் தெரியும் என்று கேள்வி கேட்டது. பொன்மலர் அந்த மூச்சை மட்டும் மறுபடி போட்டுக் காட்டினாள். வராந்தா முழுக்க ஒரு பெண் மூச்சு இழுக்கிற சத்தம். தங்கபுஷ்பத்துக்கு உடம்பு கூசிப் போயிற்று. யாருமில்லாத அறையில் அழுததை யாரோ பார்த்துவிட்டது போல. கேள்வி அடங்கிவிட்டது. அவள் தொண்டையில் குரல் வந்து நின்றது.

ஆனாலும் அவள் பேசவில்லை. பேசியிருக்கலாம். பயம். இத்தனை பேர் கூடித் தேடியும் ஒரு ஆள் இருக்கிறாள் என்று சொல்ல இத்தனை பாடு படவேண்டியிருக்கிறதே, நானாக வாய் திறந்து நான் இருக்கேன் என்றால், எப்படித் தெரியும் என்று என்னையே கேட்டால் என்ன சொல்வேன் என்கிற பயம். சூரியன் பனைமரத் தலைகளில் இறங்கிவிட்டது.

ஜெனிட்டா எழுந்தாள். மாவுத் தடங்கள் முடிகிற இடத்துக்கு நேரே நின்றாள். நிரூபணம் எதுவும் இல்லாமல், நோட்டுப் புத்தகம் இல்லாமல், சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிந்துவிட்டுக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அம்மா. எங்கம்மா இருக்க?"

அது கேட்டதுதான், சொன்னதல்ல. கேள்விக்கு அங்கே வேலை இல்லை.

"இங்கதாம்ட்டி இருக்கேன்," என்றாள் தங்கபுஷ்பம்.

இருந்தாள். நேற்றைக்கு உடுத்திய அதே ஊதாச் சேலையும், காலெல்லாம் மாவுமாக. அவள் பயந்த கேள்வி வரவில்லை. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரிமளம் மிஸ் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜெனிட்டா ஓடிவந்து கட்டிப் பிடித்தபோது, பொழுது அடைந்தது.

கடைசி பஸ்ஸுக்காகக் கல்லூரி வாசலில் நின்றார்கள், தாயும் மகளும். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்தான், கேள்வியின் ஆட்சிக்குள். காலையில் எடுக்காத டிக்கெட்டுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் காசைத் தங்கபுஷ்பம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். பஸ் தூரத்தில் வெளிச்சம் காட்டியபோது அவள் இடுப்பில் போன் அடித்தது. திருப்பூரிலிருந்து மூத்த மகன்.

"என்னம்மா, காலையில இருந்து எடுக்கவே இல்ல? எங்க இருக்க?"

"தங்கச்சியப் பாக்க வந்தேம்ப்பா."

"அப்படியா. எப்படி இருக்கா அவ?"

நல்லா இருக்கா என்று வாய் போயிற்று. அவள் வாய் எப்போதும் போகிற பாதை அது. கிரேஸிடம் சொன்னது, ஐயரிடம் சொன்னது, வாரா வாரம் மகனிடம் சொன்னது. 'ந' என்ற எழுத்து நாக்கு நுனியில் வந்து நின்றது. பின் கழுத்தில், மிக அருகில், யாரோ குனிந்து காத்திருப்பதைப் போல ஒரு குளிர்ச்சி. தங்கபுஷ்பம் மகளைத் திரும்பிப் பார்த்தாள். விளக்குக் கம்பத்து வெளிச்சத்தில் பிள்ளையின் வளையல் முழங்கைப் பக்கம் வரைக்கும் ஏறிப் போயிருந்தது, அத்தனை மெலிந்திருந்தது கை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. இதெல்லாம் இன்றைக்கு ஒருநாள் அழுகையில் வந்ததில்லை.

அவள் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள். போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி. நீ நல்லா இருக்கியா?"

ஜெனிட்டா சிரித்தாள். "நான்" என்றாள். நின்றாள். ஒரு மூச்சை இழுத்தாள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "வாறியளாம்மா? கடைசி வண்டி," என்று அவளை நேராகப் பார்த்துக் கேட்டான். அவள் வேண்டாமென்று கையை ஆட்டினாள். வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய், சிவப்பு விளக்கும் மறைந்தது.

"அம்மா? அம்மா, கேக்குதா?" என்று நெஞ்சுக்குள்ளிருந்து மகன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "அவ நல்லா இருக்காளா?"

தங்கபுஷ்பம் போனைக் காதுக்கு எடுத்தாள்.

"தெரியலப்பா," என்றாள். "கேட்டுட்டுச் சொல்லுதேன்."